வில் இறங்கிய கதை

நமது பாட்டனார் காலத்தில் வில்வண்டி வைத்திருப்பது ஊரறிந்த பெருமை. கட்டை வண்டியில் போகிறவர் தம் எலும்புகளை எண்ணிக்கொண்டு போவார்; வில்வண்டியில் போகிறவர் வெற்றிலை போட்டுக்கொண்டு போவார். இரண்டுக்கும் வித்தியாசம், அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைத்து வைத்த சில இரும்புப் பட்டைகள்தான். அந்தப் பட்டைகளை இன்னும் விறைப்பாக்கி, வண்டியையும் தரையோடு தரையாக இறக்கிவிடலாமே என்று யாராவது பாட்டனாரிடம் சொல்லியிருந்தால், அவர் அந்த மனிதரை நிழலில் உட்கார வைத்து, முதலில் ஒரு செம்பு மோர் வரவழைத்திருப்பார்.

நம்மிடம் அந்த யோசனையுடன் வந்தவன் நமது தமக்கையின் புதல்வன். மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ஸ்விப்ட் கார் வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அட்டைப் பெட்டி ஒன்றைத் திண்ணையில் இறக்கிப் பிரித்தான். உள்ளே சிவப்பு வர்ணம் பூசிய நான்கு சுருள் வில்கள் பளபளத்தன.

"வண்டி முப்பத்தைந்து மில்லிமீட்டர் இறங்கும், மாமா. பார்க்கவே கம்பீரமாயிருக்கும்" என்றான்.

"ஏற்கெனவே இறங்கித்தானே இருக்கிறது?" என்றோம்.

நாம் வசிக்கும் கனகசெட்டிக்குளம் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரத்துக்குப் போக வேண்டுமானால், காலாப்பட்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, கோட்டக்குப்பம் வழியாக மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எல்லைகள் அப்படி. 1954-ல் ஆட்சி கை மாறிற்று. எல்லைக் கோடுகள் நெளிந்தபடியே நின்றுவிட்டன. ஆட்சிகள் இரண்டானாலும் வேகத்தடை விஷயத்தில் இரண்டும் ஒற்றுமையே. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட விதியில், வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும், ஏறி இறங்க 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும் என்றிருந்தது. நமது தெரு முனையில் இருப்பதைப் போட்டவர்கள் உயரத்தை மட்டும் தாராளமாக வைத்து, அகலத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே கம்பெனி வைத்த இடைவெளி 170 மில்லிமீட்டர். அதில் 35 போனால் 135. நான்கு பேர் ஏறினால் இன்னும் தாழும். மிச்சத்தில் அந்த மேடு எப்படி நுழையும் என்று கணக்கும் போட்டுக் காட்டினோம். சட்டத்தையும் இழுத்தோம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும், உற்பத்தியாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பையும், அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இருப்பதையும் சொன்னோம்.

"ஆர்.சி. புத்தகத்தில் வில்லின் உயரம் எங்கே எழுதியிருக்கிறது, மாமா?" என்று கேட்டான்.

நாம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், வக்கீல் அல்ல. வாயை மூடிக்கொண்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: வாயை மூடியதற்குக் காரணம் அது மட்டும் அல்ல. பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் வில் வரைந்து, ராபர்ட் ஹூக் 1678-ல் அச்சிட்ட விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். நிஜமான காரின் நிஜமான வில்லைக் கையால் தொட்டுக் கழற்றும் பாக்கியம் அதுவரை வாய்த்ததில்லை. ஆசை யாரை விட்டது?

விஷயம் இதுதான். வில்லைக் குட்டையாக்கினால் மட்டும் போதாது. குட்டையான வில் பழைய வில்லைப் போலவே இளகியிருந்தால், முதல் பள்ளத்திலேயே அது அடிவரை அமுங்கி, கார் ரப்பர்க் கட்டையில் இடித்துக்கொள்ளும். ஆகையால் இறக்குகிற வில்லை விறைப்பாகவும் செய்கிறார்கள். பாரத்தில் 25 சென்டிமீட்டர் அமுங்கும் வில் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை ஆடும். குறைவாக அமுங்கும் விறைத்த வில் இன்னும் அடிக்கடி ஆடும். மெதுவான ஆட்டத்தை நமது உடம்பு தொட்டிலிலிருந்தே அறியும். விறைத்த ஆட்டத்தை முதுகெலும்புதான் அறியும்.

பழைய ஷாக் அப்ஸார்பர் பழைய வில்லின் துள்ளலை அடக்கவென்று அமைந்தது. புது வில்லின் முரட்டுத்தனம் அதற்குப் பழக்கமில்லை. "ஷாக்கையும் சேர்த்து மாற்றினால்தான் சரியாக வரும்" என்று மெக்கானிக் சொன்னார். பிள்ளையாண்டானுடைய பணப்பை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

வேலை நமது வீட்டுக் கொல்லையிலேயே நடந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்பு முக்காலிகளில் காரை நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினார்கள். முன்பக்கம் மாக்பெர்ஸன் என்ற அமெரிக்க என்ஜினீயரின் அமைப்பு. 1950-ல் இங்கிலாந்தின் போர்டு கார்களில் வந்து, பிறகு உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொண்டது. வில்லும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும். பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் தகட்டை அவிழ்த்து, சக்கரக் கணுவில் பூட்டிய இரண்டு போல்ட்டுகளையும் மேலே உள்ள நட்டுகளையும் எடுத்தால் தூண் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆபத்து. தூணின் உச்சி நட்டு, அமுங்கிய வில்லைச் சிறைப்படுத்தி வைத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற இரட்டைக் கொக்கியை இருபுறமும் மாட்டி, இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு என்று சமமாக முடுக்கி, வில் தளர்ந்து ஆடுகிறதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த நட்டில் கை வைக்கலாம். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள வில்லைப் 15 சென்டிமீட்டர் அமுக்கினால் அதில் ஏறக்குறைய 280 ஜூல் அடைபட்டிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டோம். 28 கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி அது. கணக்கு முடிந்ததும் நாம் இரண்டு கஜம் பின்னால் நகர்ந்து கிணற்றடியில் நின்றுகொண்டோம். மெக்கானிக் சிரித்தார். அவர் சிரிக்கட்டும்.

பின்பக்கம் சுலபம். ஷாக்கின் அடி போல்ட்டைக் கழற்றி, அச்சுத் தண்டை ஜாக்கியால் மெல்ல இறக்கினால் வில் தானே நழுவிக் கையில் வந்துவிடுகிறது. சாயங்காலத்துக்குள் நான்கும் மாறிவிட்டன. மறுநாள் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கப் போனார்கள். இறங்கின காரில் முன் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்துவிடும்; கவனியாமல் விட்டால் டயரின் உள்ளோரம் தேய்ந்து நூல் தெரியும்.

பிறகு நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கமாக ஓட்டினான். பொய் சொல்வதற்கில்லை. வளைவுகளில் அந்தக் கார் பழைய கார் அல்ல. முன்பு ஒருக்களித்துச் சாய்ந்த வண்டி இப்போது சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பிற்று. வண்டியின் பாரமையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டால், மூன்றரை சென்டிமீட்டர் இறங்கியதில், வளைவில் வெளிச் சக்கரங்களுக்குத் தாவும் பாரம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். கணக்கில் அது ஆறு. உட்கார்ந்திருப்பவனுக்கு அறுபதாகத் தோன்றுகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச் சாலையில் கார்கள் ஏன் தரையைத் தடவிக்கொண்டு ஓடுகின்றன என்பது அன்றைக்குத்தான் நமது தேகத்துக்கு விளங்கிற்று. அந்தச் சாலையில் வேகத்தடை கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. "இன்னொரு தடவை போகலாமா, அப்பா?" என்று கேட்டவர் நாமேதான்.

நமது தமக்கைக்கு அதற்கு முந்தைய வருஷம் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை காலாப்பட்டுப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேகப் பயிற்சி செய்துவிட்டு வர வேண்டும். கார் வாங்கியதே அதற்காகத்தான் என்று பிள்ளையாண்டான் எல்லோரிடமும் சொல்லிவந்தான். வில் மாறிய பிறகு இரண்டு தடவை அந்தக் காரில் போனாள். மூன்றாம் தடவை பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

"ஏன் அக்கா?"

"பஸ்ஸில் நாலு பேர் முகம் பார்க்கலாம், தம்பி. காரில் என்ன இருக்கிறது? உன் மருமான் கேட்கிற பாட்டுத்தான்."

அவன் நம்பினான். நமக்குத் தெரிந்தது. அவள் தைலப் புட்டியைத் தேடுவதையும், இரவு வெந்நீர் ஒத்தடம் கேட்பதையும் நாம் பார்த்திருந்தோம். தெரு முனை மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன் இருக்கையின் முதுகை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். தவிர, இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் முழங்காலைவிட இடுப்பு தாழும்படி உட்காரலாகாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அச்சுத்தாளிலேயே இருந்தது. ஏற்கெனவே தாழ்வான இருக்கை. அதிலிருந்து நாம் மூன்றரை சென்டிமீட்டர் களவாடியிருந்தோம். அப்படியும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. மரக்காணம் சாலையின் வளைவுகள் நமது நாக்கைக் கட்டியிருந்தன.

நடுவில் 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. கார் இரண்டு நாள் அசையவில்லை. அந்தப் பழியை வில்லின் தலையில் போடுவது நியாயமாகாது. அன்றைக்கு யானையே தெருவில் இறங்கத் தயங்கியிருக்கும்.

மழை வடிந்த வாரம், நானும் அவனும் பால் வாங்கிக்கொண்டு திரும்புகையில், பஸ் நிற்குமிடத்தில் அக்கா இறங்குவதைக் கண்டோம். கம்பியைப் பிடித்து, முதுகைச் சாலைப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகக் கால் வைத்தாள். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார். அவன் அங்கேயே நின்றான். "அம்மா நாலு பேர் முகம் பார்க்கிறதாகச் சொன்னாளே, மாமா" என்றான். நாம் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நமது ஊரை ஒரு காலத்தில் ஆண்டவர்களின் தேசத்தில், சித்ரோயன் கம்பெனியார் 1948-ல் ஒரு குட்டிக் காரை உலகத்துக்குக் காட்டினார்கள். ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பதே அதை அமைத்தவர்களுக்கு இட்ட நிபந்தனை. அன்றிரவு சாப்பாட்டின்போது இதை அவனுக்குச் சொன்னோம். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அவன் பதில் சொல்லவில்லை. கை அலம்பிக்கொண்டு எழுந்து, பரணில் ஏறி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருந்த கறுப்பு வில்கள் நான்கையும் கீழே இறக்கினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மெக்கானிக், அதே கொல்லை. இந்தத் தடவை நாம் கிணற்றடிக்குப் போகவில்லை; கம்ப்ரஸரின் ஒரு பக்கத் திருகை நமது கையாலேயே முடுக்கினோம். பின் வில்லுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் ஒன்று காணாமற்போய், அதைத் தேடி அரை நாள் வீணாயிற்று. கடைசியில் அது நமது சட்டைப் பையில் இருந்தது.

அக்கா எதையும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது தானாகவே கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சிவப்பு வில்களில் இரண்டை அவளே எடுத்துச் சமையலறையில் தண்ணீர்ப் பானைகளுக்குப் பிரிமனையாக வைத்துவிட்டாள். குடம் ஆடாமல் நிற்கிறது. மற்ற இரண்டையும் விற்பதற்குப் பிள்ளையாண்டான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் நான்காக வேண்டுமென்கிறார்கள்.