மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாகியது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் சில துளி பெற்றோலில் 'ஸ்ராட்' ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் அவைதான் அம்புலன்ஸ். சொந்தக்காரர்களே மெக்கானிக்குகளாகவும் மாறினார்கள். என்ஜின் திணறினால் பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள். மறுநாளே மீண்டும் கரி படிந்துவிடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி இறங்கி, என்ஜின் ஒயிலுடன் கலந்துகொண்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. அளவுக் கம்பியில் ஒயில் மட்டம் உயர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. ஒயில் நீர்த்து, உட்பாகங்கள் தேய்ந்து, என்ஜின் தட்டத் தொடங்கிய பின்னரே விடயம் விளங்கியது. பரிகாரம் எளியதுதான்: ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். தடைக்காலத்தில் புது ஒயிலுக்கு எங்கே போவது?