மூத்த பிள்ளையும் ஒரு ஃபியூல் பம்ப்பும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. (யாரும் தேடலைங்கறது வேற விஷயம்.) இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்ததுக்குக் காரணம், எங்க வீட்டு மூத்த பிள்ளை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்கப்பா 1996-ல செகண்ட் ஹேண்டா ஒரு பத்மினி வாங்கினார். 1985 மாடல், 1089 சிசி, ஸ்டியரிங் பக்கத்துல கியர். அடுத்த வருஷம் நான் பொறந்தேன். அதனால நான் ரெண்டாவதுதான். "அவன் எப்பவாச்சும் என்னை எதிர்த்துப் பேசியிருக்கானா?"ன்னு காரைக் காட்டி என்னைத் திட்டுவார். 2023 அக்டோபர்ல மும்பையோட கடைசி பத்மினி டாக்ஸி ஓட்டத்தை நிறுத்தின செய்தி டிவில வந்தப்போ, சொந்தக்காரங்க யாரோ போயிட்ட மாதிரி சாப்பிடாம எழுந்து போனவர்.

2025 நவம்பர்ல ஆர்.சி. புதுப்பிக்கணும். 15 வருஷம் தாண்டின காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைக் கொண்டு போய்க் காட்டணும். 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல கட்டணத்தை 5,000-லேர்ந்து 10,000 ஆக்கிட்டாங்க. பணத்தைப் பார்த்ததும் அம்மா கறாரா சொல்லிட்டாங்க. "திங்கக்கிழமை வண்டி அங்க போய்ச் சேர்ந்தா வச்சுக்குங்க. இல்லைன்னா காயலான் கடைதான்."

சனிக்கிழமை காலைல பெட்ரோல் போட்டுட்டு வரலாம்னு அப்பாவும் நானும் கிளம்பினோம். குரோம்பேட்டை பாலத்துக்கிட்ட ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடுச்சு.

"வேப்பர் லாக். ஈரத் துணி எடு"ன்னார். பழைய பத்மினி, அம்பாசடர் ஓட்டினவங்களுக்கு இது தெரியும். வெயில்ல பம்ப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாயிடும். ஆவியைப் பம்ப்பால தள்ள முடியாது. ஈரத் துணி போட்டு அஞ்சு நிமிஷம் ஆற விட்டா ஓடும். மே மாசத்துல நூறு தடவை பண்ணியிருக்கோம். ஆனா அன்னிக்கு மழை தூறிக்கிட்டு இருந்தது! எஞ்சின் சூடாகவே இல்லை. வானமே ஈரத் துணி போட்டிருக்கு, இன்னும் என்ன ஆறணும்? :-)

ஆளுக்கு அம்பது ரூபா குடுத்து நாலு பேரை வச்சு வீட்டுக்குத் தள்ளிட்டு வந்தோம். அப்பா ஒண்ணும் பேசல.

நான் படிச்சது மெக்கானிக்கல் எஞ்சினியரிங், பார்க்கறது பொட்டி தட்டற வேலை. ஆனா பக் பிடிக்கத் தெரியுமே. கார்ப்பரேட்டருக்குப் போற ஓஸைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டேன். பொறி பறக்கக் கூடாதுன்னு இக்னிஷன் காயில் ஒயரை எடுத்துட்டு, அப்பாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பம்ப் நல்லா இருந்தா பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சணும். சொட்டுச் சொட்டா நாலு சொட்டு. டேங்க்குல பெட்ரோல் இருக்கு, ஃபில்டர் அடைக்கல. ஆக, குற்றவாளி பம்ப்தான்.

இந்த மெக்கானிக்கல் பம்ப் ரொம்ப எளிமையான சாமான். மோட்டார் இல்ல, சென்சார் இல்ல. கேம்ஷாஃப்ட் சுத்தும்போது ஒரு ராடைத் தள்ளும். ராடு பம்ப்போட லீவரைத் தள்ளும். லீவர் உள்ள இருக்கற டயாப்ரத்தைக் கீழ இழுக்க, டிக்கில இருக்கற டேங்க்லேர்ந்து பெட்ரோல் உறிஞ்சிக்கிட்டு வரும். அப்புறம் ஸ்பிரிங் டயாப்ரத்தை மேல தள்ள, பெட்ரோல் கார்ப்பரேட்டருக்குப் போகும். ரெண்டு வால்வு, திரும்பி வராம பார்த்துக்கும். காலேஜ்ல ரெண்டு மார்க் கேள்வி.

டயாப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் மேல போறது குறையும். அதோட நிக்காது. பம்ப் எஞ்சின் மேலயே உக்காந்திருக்கறதால, கிழிசல் வழியா பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள்ள இறங்கும். இது ஞாபகம் வந்ததும் ஆயில் கேஜை உருவிப் பார்த்தேன். ஆயில், மேல் கோட்டையும் தாண்டி நின்னுது. தண்ணி மாதிரி ஓடுது. மோந்து பார்த்தா பெட்ரோல் பங்க்ல நிக்கற வாசனை.

வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா அப்பா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேஜைப் பார்க்கறவர். "மூணு மாசமா ஒரு சொட்டு ஆயில் குடிக்கலடா உங்கண்ணன்"னு போன்ல பெருமைப்பட்டவர். குடிக்கலைதான், பெட்ரோல் சேர்ந்து ஏறிக்கிட்டு இருந்திருக்கு. இப்படி ஓட்டினா பேரிங் போயிடும். உள்ள சேர்ற ஆவி தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. நான் ஸ்கூல் படிக்கும்போது தெரு முனைல நிக்கற வண்டிக்கு ஆயில் எரியுதா, கிளட்ச் கருகுதான்னு மூக்காலயே சொல்லுவார். அவருக்கா இது தெரியல?

கேஜை அவர் மூக்குக்கிட்ட நீட்டினேன். "இது என்னப்பா?"

கொஞ்ச நேரம் கேஜையே பார்த்துக்கிட்டு இருந்தார். "தெரியலடா. கொரோனா வந்தப்போ போனது. திரும்பி வரவே இல்ல."

2021-ல ரெண்டு பேருக்கும் கொரோனா வந்தது. அம்மாவுக்கு ஒரு மாசத்துல வாசனை திரும்பிடுச்சு. அப்பாவும் வந்துடுச்சுன்னுதான் சொன்னார். நாலு வருஷமா ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்குன்னு நடிச்சுக்கிட்டே இருந்திருக்கார்!

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா சாவியை வாங்கி வச்சுடுவீங்க."

எனக்குப் பதில் வரல. வாங்கித்தான் வச்சிருப்பேன்.

சாயங்காலம் புதுப்பேட்டைக்கு ஓடினேன். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, 1,800 ரூபாய்க்கு ஒரு பம்ப் கிடைச்சது. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது, அதைத் தாங்கற டயாப்ரம் உள்ளதா பார்த்து வாங்கிக்கோன்னு கடைக்காரர் எடுத்துக் குடுத்தார்.

ஞாயிறு காலைல பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு ஆரம்பிச்சோம். டேங்க்லேர்ந்து வர்ற ஓஸ்ல ஒரு பென்சிலைச் சொருகி அடைச்சேன். எது இன், எது அவுட்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். 13-ஆம் நம்பர் ஸ்பேனர், ரெண்டே நட்டு. பம்ப் கையோட வந்துடுச்சு. பழைய பேக்கிங்கைச் சுரண்டிட்டு, புதுசோட வந்த மெல்லிசு பேக்கிங்கை வச்சு மாட்டப் போனேன்.

"நில்லு. அந்தத் தடிமன் கட்டை எங்க?"

பழைய பம்ப்போட ஒட்டிக்கிட்டு ஒரு பேக்லைட் கட்டை இருந்தது. அழுக்குன்னு நினைச்சுக் குப்பையோட ஒதுக்கி வச்சிருந்தேன். அது எஞ்சின் சூடு பம்ப்புக்கு ஏறாம தடுக்குது. அதை விட முக்கியம், ராடு எவ்வளவு தூரம் வெளிய நீட்டலாம்னு தீர்மானிக்கறதே அதோட தடிமன்தான். அது இல்லாம மாட்டியிருந்தா ராடு லீவரை அளவுக்கு மேல தள்ளி, புது பம்ப்பை முதல் நாளே உடைச்சிருக்கும். டிகிரி என்கிட்ட, விஷயம் அவர்கிட்ட!

கட்டையை வச்சாலும் நட்டு பிடிக்கல. லீவர் முட்டுது. கேம் உச்சில நிக்குது போல. "நாலாவது கியர் போட்டுட்டு நீ பின்னாடி போய்த் தள்ளு"ன்னு சொல்லிட்டு, அப்பா பானெட்டுக்குள்ள குனிஞ்சு ராடு முனைல விரலை வச்சுக்கிட்டார். நான் தள்ள, வண்டி அங்குலம் அங்குலமா நகர்ந்தது. கண்ணை மூடிக்கிட்டு நின்னவர், "போதும், உள்ள போயிடுச்சு"ன்னார். அதுக்கப்புறம் நட்டு ரெண்டும் கையாலயே ஏறிடுச்சு.

ஆயிலை மொத்தமா வடிச்சுட்டுப் புதுசு ஊத்தினோம். ஃபில்டரையும் மாத்தினோம். செல்ஃப் அடிச்சா முதல்ல ஒண்ணுமில்ல. கார்ப்பரேட்டர் நிரம்பணுமே. மூணாவது தடவை பிடிச்சுது பாருங்க, ஜன்னல்ல நின்ன அம்மாவே சிரிச்சுட்டாங்க. பத்து நிமிஷம் ஓட விட்டு எங்கயாவது கசியுதான்னு பார்த்தோம். நான் மூக்கால, அவர் விரலால.

திங்கக்கிழமை வண்டி போச்சு, பாஸாச்சு. இன்னும் அஞ்சு வருஷம்.

சாவியை நான் வாங்கல. பதிலுக்கு ரெண்டு ஏற்பாடு. சமையல்கட்டுல கேஸ் கசிஞ்சா கத்தற அலாரம் ஒண்ணு மாட்டியாச்சு. இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை காலைல சோழிங்கநல்லூர்லேர்ந்து குரோம்பேட்டை வந்து கேஜை உருவி மோந்து பார்க்கறது என் டியூட்டி. அப்பா அளவைப் பார்ப்பார், நான் வாசனையைச் சொல்லுவேன். அப்புறம் அம்மா கையால இட்லி.

போன வாரம் சாம்பார் தட்டை என் பக்கம் தள்ளி, "பெருங்காயம் சரியா இருக்காடா?"ன்னு மெதுவா கேட்டார். நாலு வருஷத்துல முதல் தடவை.

டிஸ்கி: பெட்ரோல் வேலை பண்ணும்போது பேட்டரியைக் கழட்டுங்க, சிகரெட்டைத் தூரப் போடுங்க. பழைய வண்டியில ஆயில் குறையவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க, ஒரு தடவை மோந்து பாருங்க. உங்க வீட்டுப் பெரியவங்களையும் ஒரு தடவை கேட்டுடுங்க :-)