கடைசிப் பெயர் ஏது?

அறிவியல் கண்காட்சி, விநாடி வினா, பேச்சுப்போட்டி மூன்றுக்கும் கணினியில் பதிவுப் படிவம் போட்டேன். உள்ளே ஒரே நிரல்துண்டுதான், இணையத்தில் எடுத்தது. பெட்டியில் எழுதுவதை வாங்கும், சரிபார்க்கும், சேமிக்கும். ஒரு துண்டு, மூன்று வேலைன்னு பெருமை வேற!

மறுநாளே தோழி வந்தாள். "கடைசிப் பெயர் கட்டாயம்னு கேட்குதுடா. எனக்கு ஏது?"

எனக்கும் இனிஷியல்தானே! என் பெயரைப் போட்டே பார்க்கலை. பக்கத்து பெஞ்சு நண்பன் மட்டும் தப்பித்தான். 1881 பிரெஞ்சு ஆணைப்படி குடும்பப் பெயர் எடுத்த வம்சம் அவங்களது.

அந்தக் கட்டாயத்தை நீக்கினேன். ஒரே வரி, மூன்று படிவமும் சரியாச்சு. ஆனால் அதற்குள் பதிந்தவர்கள் புள்ளி வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். சேமித்த பெயர் தானாகத் திருந்தாதே! 14 பேருடைய புள்ளியை நேற்று ஒவ்வொன்றாக அழித்தேன். சான்றிதழ் இனிமேல்தான் அச்சாகும், நல்லவேளை.

- 10ஆம் வகுப்பு மாணவன்