ஜாக்கி தூக்கும், தாங்காது

எங்கள் வீட்டு மாருதி 800க்கு என்னை விட ஒரு வயது அதிகம். 2004ல் அப்பா வாங்கியது. ரோட்டில் ஓடுகிற நாட்களை விட ஷெட்டில் நிற்கிற நாட்கள்தான் அதிகம், ஆனாலும் விற்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு அடியில் படுத்துவிடுவார். "ஒர்க் ஷாப்ல விட்டா ரெண்டாயிரம் புடுங்கிடுவான்" என்பது அவர் சொல்லும் காரணம். உண்மையான காரணம், அவருக்கு அது பிடிக்கும். அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு ஞாயிறு. சைலன்சர் கிளாம்பு லூசாகி வண்டி கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது. அப்பா பின்பக்கம் இடதுபுறம் ஜாக்கி போட்டுத் தூக்கினார். வண்டி வாங்கும்போது கூடவே கொடுத்தார்களே, அந்த ஸ்க்ரூ ஜாக்கிதான். கை நுழைய வசதியாக இருக்கட்டும் என்று சக்கரத்தையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் டார்ச் பிடிக்கிற வேலையில் இருந்தேன்.

"டேய், பன்னெண்டு ஸ்பேனர் எடு."

நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே போய் பதினாலை எடுத்து நீட்டினேன். "மெக்கானிக்கல் படிக்கிறானாம், பன்னெண்டுக்கும் பதினாலுக்கும் வித்தியாசம் தெரியல" என்று திட்டிக்கொண்டே தானே எடுக்க வெளியே வந்தார். டூல் பெட்டியில் கை வைத்திருப்பார். வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. தொம்மென்று ஒரு சத்தம். பிரேக் டிரம் இடித்த இடத்தில் டைல்ஸ் சில்லுசில்லாக உடைந்திருந்தது. அரை நிமிஷத்துக்கு முன்னால் அப்பா நெஞ்சு இருந்த இடத்தில் இப்போது கை நுழையக்கூட இடமில்லை.

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார். "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, ஜாக்கி வழுக்கிடுச்சு. தண்ணி கொண்டா." சொம்பை வாங்கிய கை நடுங்கியதை நான் பார்த்தேன். அம்மா பார்த்தாரா என்று இன்று வரை கேட்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். மாருதி 800ன் எடை சுமார் 650 கிலோதான், கார்களிலேயே குழந்தை. தப்பு எடையில் இல்லை, வேறு எங்கோ.

முதலில் தரை. எங்கள் ஷெட்டில் மழைத் தண்ணீர் வெளியே போக கேட் பக்கம் லேசான சரிவு உண்டு. கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் ஒரு கோலிக்குண்டை வைத்தேன், அது பாட்டுக்கு கேட்டை நோக்கி உருண்டது. அடுத்தது ஹேண்ட் பிரேக். அது பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். நாங்கள் தூக்கியதே பின்பக்கம். ஒரு சக்கரம் அந்தரத்தில், இன்னொன்றைப் பிடித்திருந்தது இருபது வருஷத்துக் கேபிள். கியரும் நியூட்ரலில். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவில்லை. ஸ்க்ரூ ஜாக்கியின் அடிப்பகுதியோ உள்ளங்கை அகலம். இத்தனையும் சேர்ந்தால் வண்டி நகராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஜாக்கி ரோட்டோரம் ஸ்டெப்னி மாற்றக் கொடுத்தது, அடியில் படுக்கக் கொடுத்ததல்ல.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டையில் ஒரு சுற்று, ஜி.பி. ரோட்டில் ஒரு சுற்று சுற்றினோம். ஒரு கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே போர்ட்டபிள் லிஃப்ட் படத்தைக் காட்டினார். இரண்டு நீளச் சட்டங்கள், காரின் இரு பக்கமும் அடியில் தள்ளிவிட வேண்டும். சின்ன மோட்டார் ஹைட்ராலிக் எண்ணெயைத் தள்ளும். முழு வண்டியும் ஒன்றரை இரண்டு அடி எழும்பும். மேலே போனதும் இரும்புப் பூட்டு விழுந்துவிடும், அதற்குப் பிறகு எண்ணெய் கசிந்தாலும் வண்டி இறங்காது. வேலை முடிந்தால் சுவரில் சாய்த்து வைக்கலாம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. விலையைக் கேட்டதும் அப்பா சொன்னார்: "இந்தக் காசுக்கு நம்ம வண்டி மாதிரி இன்னொண்ணு வாங்கிடலாமே தம்பி." கடைக்காரரே சிரித்துவிட்டார். அதோடு அதற்குச் சமமான, கெட்டியான கான்கிரீட் தரை வேண்டும். எங்களுடையது சரிவு, மேலே டைல்ஸ். வாரம் இரண்டு மூன்று வண்டி பார்க்கிறவர்களுக்கு அது சரி. எங்களுக்கு இல்லை.

பாட்டில் ஜாக்கி மலிவு. ஆனால் மடக்கிய நிலையிலேயே உயரம் அதிகம், டயரில் காற்று இறங்கிய சின்னக் காருக்கு அடியில் நுழையாது. கடைசியில் எடுத்தது இரண்டு டன் ட்ராலி ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, இரண்டு ரப்பர் கட்டை. 'நான்கு ஸ்டாண்டு எதுக்கு, ஜாக்கிதான் இரண்டு டன் தாங்குதே' என்று கேட்பீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். பாஸ்கல் விதி பள்ளியிலேயே படித்திருப்போம். அதை வைத்து ஜோசப் பிராமா 1795ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கையில் தூக்கிப் போகும் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு 1851ல் ரிச்சர்ட் டட்ஜன் வாங்கினார். சின்ன பிஸ்டன் விட்டம் 1 செ.மீ., பெரியது 3 செ.மீ. என்றால் பரப்பு 9 மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் 10 மடங்கு. 10 கிலோ அழுத்தினால் 900 கிலோ எழும்பும். உராய்வில் போவதை விட்டுவிடுங்கள். அற்புதம்தான். ஆனால் திருப்பிப் பாருங்கள். தூக்கிய எடை மொத்தமும் எண்ணெயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் வளையமும் ஒரு குட்டி இரும்புக் குண்டும். அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும்.

ஜாக்கி தூக்கத்தான். தாங்க ஸ்டாண்டு.

ஸ்டாண்டிலும் கம்பி செருகுகிற வகையையே எடுத்தோம். பல்லில் மாட்டுகிற வகையில் உயரம் மாற்றுவது சுலபம், ஆனால் பல் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2020ல் ஒரு பெரிய கடைச் சங்கிலி, பல் வழுக்குகிறது என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. மாற்றாக வாங்கச் சொன்ன ஸ்டாண்டுகளிலும் சிலவற்றை வெல்டிங் சரியில்லை என்று அதே வருஷம் திரும்பக் கேட்டது. கம்பி ஒடிந்தால்தான் விழும், வழுக்கி விழாது.

இப்போது எங்கள் வீட்டு முறை இது. தரையைப் பெருக்குவோம். தூக்கும்போது ட்ராலி ஜாக்கியின் கை வளைந்து மேலே போகும், அதற்கேற்ப ஜாக்கியே கொஞ்சம் உருள வேண்டும். சக்கரத்தில் மணல் சிக்கி அது உருளாவிட்டால் தலை வழுக்கும். கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்குக் கட்டை. ரன்னிங் போர்டில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போம். பழைய மாருதியில் ஜாக்கி தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகும், காரோ அங்கேயே நிற்கும்! ஸ்டாண்டுக்கு அடியில் முக்கால் இன்ச் பிளைவுட், டைல்ஸ் உடையாமல் இருக்க. கழற்றிய சக்கரம் சுவருக்குப் போகாது, வண்டிக்கு அடியிலேயே படுக்கும். எல்லாம் போய்விட்டாலும் அது ஒரு இடைவெளி விடும். ஸ்டாண்டில் எடையை இறக்கியதும் நான் வண்டியை இடுப்பால் ரெண்டு இடி இடிப்பேன். விழுகிறதென்றால் அப்போதே விழட்டும். பிறகுதான் அப்பா உள்ளே போகலாம்.

இத்தனைக்கும் ஆன செலவு, அன்று உடைந்த டைல்ஸையும் சேர்த்து, ஒரு நல்ல ஃபோன் விலைகூட இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பாவோ மாமாவோ இருப்பார். அடுத்த ஞாயிறு அவர் அடியில் போகும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வண்டி எதுமேல நிக்குது?" பதில் ஜாக்கி என்றால் காலைப் பிடித்து வெளியே இழுங்கள். திட்டுவார், பரவாயில்லை.

அப்பா இன்னும் பன்னெண்டு ஸ்பேனர்தான் கேட்கிறார். நான் இன்னும் சில நாள் பதினாலைத்தான் எடுத்துப் போகிறேன். இப்போதெல்லாம் அவர் திட்டுவதில்லை.