புதுப்பேட்டைக்குப் போகலாம், வாருங்கள்!

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சற்று எட்டிப் பாருங்கள். உடைந்த தொட்டில், கொலுப்படிப் பலகை, காலொடிந்த மேஜை இவற்றுக்கெல்லாம் பின்னால், பழைய ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறதா? நின்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகவேதான். நிற்காவிட்டாலும் பாதகமில்லை. நாத்தனார் வீட்டிலாவது ஒன்று நிற்கும். படித்து வைத்துக்கொண்டால் வீண் போகாது.

இந்த மாதிரி வண்டியைப் பற்றி வீட்டிலே இரண்டு கட்சிகள் உண்டு. "அப்பா ஓட்டிய வண்டி. எப்படியும் கிளப்பிக் காட்டுகிறேன்" என்பது ஒரு கட்சி. "எத்தனை வருஷமாக இதையே சொல்கிறீர்கள்? நாளைக்குக் காயலான் கடைக்காரரைக் கூப்பிடப்போகிறேன்" என்பது எதிர்க் கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. பழைய புல்லட் வண்டி சுமார் 160 கிலோ கனம். காயலான் கடைக்காரர் அதைத் தராசில் நிறுத்து இரும்பு விலை கொடுப்பார். சம்மட்டி விழுந்த பிறகு மாமனாரின் வண்டி திரும்பி வராது. மறு பக்கம், கணக்கு வழக்கில்லாமல் பழுது பார்க்க ஆரம்பித்தால் பள்ளிக்கூடச் சம்பளப் பணமும் சீட்டுப் பணமும் ஓட்டைப் பானைத் தண்ணீர் போல ஒழுகிவிடும்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வீட்டுப் பணப்பெட்டியின் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர்தான். அதனால்தான் அவரையே அழைக்கிறேன். தீர்ப்புக்கு முன்னால் சென்னையில் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம். ஒன்று, வண்டி பிறந்த இடம். மற்றொன்று, அது மறுபிறவி எடுக்கும் இடம்.

முதலில் திருவொற்றியூர். 2021 முதல் மெட்ரோ ரயிலே அங்கே போகிறது. அலுங்காமல் குலுங்காமல் போய் இறங்கலாம். தியாகராஜ சுவாமியையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தால் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. பெரும் செல்வரான அவர், காதற்ற ஊசி ஒன்றைக் கண்டு, அத்தனை சொத்தையும் உதறிவிட்டுப் புறப்பட்டார் என்பது நாம் பாட்டியிடம் கேட்ட கதை.

மோட்டார் சைக்கிளுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கேளுங்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். அங்கே 1851-ல் ஜார்ஜ் டவுன்ஸெண்ட் என்பவர் ஊசி செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். பின்னால் அந்தக் கம்பெனி சைக்கிளும் செய்தது. 1891-ல் ஆல்பர்ட் ஈடி, பாப் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை வாங்கினார்கள். என்ஃபீல்டு என்னும் இடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்கள் செய்து கொடுக்கும் காண்டிராக்ட் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'என்ஃபீல்டு' என்றே பெயர் சூட்டினார்கள். பிறகு 'ராயல்' என்பதும் சேர்ந்துகொண்டது. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1932-ல் 'புல்லட்' என்ற பெயர் பிறந்தது. ஆக, நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூங்குகிற அந்தப் பெரிய உருவத்தின் பூர்விகம் ஒரு தையல் ஊசி!

நமது ராணுவம் இந்த வண்டியை விரும்பி வாங்கியது. அதன் பயனாக 1955-ல் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பித்தன. 1956-ல் திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் பாகங்கள் பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன; இங்கே பூட்டி முடுக்கி வெளியே அனுப்பினார்கள். வரவர எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்று போயிற்று. நம் ஊர்த் தொழிற்சாலையோ நிற்கவில்லை. 1977 முதல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. பிறந்த வீடு நொடித்த பிறகு, புகுந்த வீட்டிலிருந்து சீர் போன கதை இது!

இந்தச் சரித்திரத்தில் உங்கள் பணப்பெட்டிக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. 1950-களின் வடிவத்தைப் பெரிய மாறுதல் இல்லாமல் பல பத்தாண்டுகள் இங்கே செய்துகொண்டிருந்தார்கள். அதனால் அறுபது வருஷத்து வண்டிக்கும் உதிரிப் பாகம் அகப்படுகிறது. மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகளின் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. அவற்றுக்கும் சாமான் கிடைக்கிறது, கொஞ்சம் அதிகமாக அலைய வேண்டும். மூலையில் நிற்பது எந்த வண்டி என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

இனி, திருவொற்றியூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோவில் கூப்பிடு தூரம்தான் புதுப்பேட்டை. கூவம் நதியை ஒட்டிய பேட்டை. தெருவுக்குள் நுழையும்போதே கிரீஸ் வாசனை வரவேற்கும். ஒரு கடை முழுவதும் கார்க் கதவுகள், பாத்திரக்கடைத் தாம்பாளங்கள் போல அடுக்கியிருக்கும். அடுத்த கடையில் விளக்குகள் மட்டும். அதற்கடுத்ததில் கியர் பெட்டிகள். நடைபாதையில் உட்கார்ந்து ஒரு பையன் முழு எஞ்சினைப் பலாப்பழம் உரிப்பது போல உரித்துக்கொண்டிருப்பான். எந்தச் சுளையும் வீணாகாது.

"இன்னாம்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்பார்.

"புல்லட்டுக்குப் பிரேக் ஷூ வேணுங்க" என்று சொன்னால் போதாது.

"எந்த வருசம்? பழசு கொண்டாந்தியாம்மா?" என்பது அடுத்த கேள்வி.

ரவிக்கைக்கு மேட்ச் பார்க்கப் புடவையைக் கையோடு எடுத்துப் போகிறோம் அல்லவா? அதே சட்டம்தான் இங்கேயும். பழைய பாகத்தைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். பேரம் பேசலாம், அதற்கு உங்களுக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பில் கேட்டு வாங்குங்கள். எஞ்சினையோ, நம்பர் வெட்டிய சட்டத்தையோ மட்டும் இங்கே மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். ஆர்.ஸி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், வண்டி ஓடினாலும் வழக்கு ஓடாது!

இனி வீட்டுக்குத் திரும்பி வேலையைத் தொடங்கலாம். முதல் ஆணை: யாரும் உற்சாகத்தில் கிக்கரை உதைக்கக்கூடாது. வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினுக்குள் எண்ணெய் காய்ந்திருக்கும், துரு ஏறியிருக்கும். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் சில கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் சும்மா விடுங்கள். பிறகு கையாலேயே கிக்கரை மெல்ல அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சுழன்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அசையவே இல்லை என்றால் பலவந்தம் வேண்டாம். மறுபடி ஆயில் விட்டுக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கழற்றுமுன் போட்டோ. கைபேசியில்தான் காமிரா இருக்கிறதே! ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழற்றிய நட்டு, போல்ட், வாஷர்களைப் பழைய ஊறுகாய்ப் புட்டிகளில் போட்டு, 'முன் சக்கரம்', 'கார்புரேட்டர்' என்று சீட்டு ஒட்டி வையுங்கள். புளியையும் மிளகாயையும் பிரித்து வைக்கத் தெரிந்த கைகளுக்கு இது பிரமாதமில்லை. பல வண்டிகள் காயலான் கடைக்குப் போவது எஞ்சின் கெட்டதனால் அல்ல. கழற்றிப் போட்ட சாமான்கள் ஒன்றோடொன்று கலந்து போனதனால்தான்.

மூன்றாவது, பெட்ரோல் டாங்க். உள்ளே துரு இருந்தால் அது கார்புரேட்டருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பழைய பெட்ரோலை வெட்டவெளியில் வடித்துவிட்டு டாங்கை நன்றாகக் கழுவுங்கள். உள்ளே வினிகரை நிரப்பி ஓரிரு நாள் ஊற வைத்து, ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு கழன்று வரும். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலம்பி, உடனே வெயிலில் காய வைத்து, கொஞ்சம் ஆயில் விட்டு உள்ளே சுழற்ற வேண்டும். ஈரம் தங்கினால் மறு நாளே துரு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். இது அடுப்பங்கரைப் பக்கம் செய்கிற வேலை அல்ல. காலி டாங்கில் தங்கும் பெட்ரோல் ஆவிதான் மிகவும் ஆபத்தானது. ஓட்டையை அடைக்கக் காலி டாங்கை அப்படியே வெல்டிங் செய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

டாங்கின் மேல் பொன்னிறக் கோடுகள் இருந்தால் அவற்றைச் சுரண்டவும் சம்மதிக்காதீர்கள். திருவொற்றியூரில் அந்தக் கோடுகளை ஓவியர்கள் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். அடி மட்டமில்லாமல் ஒரே இழுப்பில் கோடு போடுவது எத்தனை கஷ்டம் என்று மார்கழிக் கோலம் போடுகிற உங்களுக்குத் தெரியாதா? மங்கினாலும் அது அசல். சோப்புத் தண்ணீரில் பதமாகக் கழுவி மெழுகு பூசினால் போதும். பெயிண்ட் செலவும் மிச்சம்.

எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தி, உயிர் காப்பவை: டயர், ட்யூப், பிரேக், செயின், கேபிள், வயர். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும், ரப்பர் வெடித்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இதில் ஒரு பைசா குறைக்காதீர்கள். இரண்டாவது பத்தி, ஓட வைப்பவை: பிளக், பாயிண்ட், பாட்டரி, கார்புரேட்டர் சுத்தம், ஆயில். பெரிய செலவில்லை. பழைய வண்டிகளில் 6 வோல்ட் மின்சாரம் என்பதை நினைவில் வைத்துப் பல்பும் பாட்டரியும் வாங்குங்கள். மூன்றாவது பத்தி, அழகு செய்பவை: குரோமியம் பிளேட்டிங், புதுப் பெயிண்ட், புது ஸீட். பணம் பறப்பது இந்தப் பத்தியில்தான். முதல் இரண்டு பத்தியும் முடிந்து வண்டி ஓடிக் காட்டிய பிறகே மூன்றாவதைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகை போடுவது கல்யாணம் நிச்சயமான பிறகுதானே!

இன்னும் ஒரு எச்சரிக்கை. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதுண்டு. அந்தத் தூசியை யாரும் வாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துத் துணியையும் கட்டி எறிந்துவிட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எஞ்சினைப் பிளப்பது, போர் தேய்ந்திருந்தால் லேத்துப் பட்டறையில் கடைவது போன்றவற்றை நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே லாபம். கழுவுதல், துடைத்தல், கழற்றி மாட்டுதல் இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டோடு ஆகிவிடும். கூலியில் கணிசமான பங்கு இப்படியே மிச்சமாகும்.

அடுத்தது காகித விவகாரம். புது டயர் வாங்குவதற்கு முன் ஆர்.ஸி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். புத்தகம் காலமாகிவிட்டவர் பெயரில் இருந்தால் முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். ஐம்பது வயசு தாண்டிய, உரு மாறாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய சர்க்கார் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறு பதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம் என்றும், பதிவு பத்து வருஷம் செல்லும் என்றும் விதி செய்தார்கள். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாமே தவிர, தினம் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. ஆகவே காகிதம் நேராகுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள். காயலான் கடைக்கே போடுவது என்று தீர்மானித்தாலும், பதிவை ரத்து செய்துவிட்டுப் போடுங்கள். வண்டி போன பிறகும் பெயர் புத்தகத்தில் நின்றால் வம்பு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

எல்லாம் சரியாகி, ஒரு நாள் வண்டி முற்றத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள்ளைக் கவனித்து, டீகம்ப்ரஸர் பிடியைப் பிடித்து விட்டு, ஒரே மிதி! 'டுப்... டுப்... டுப்...' என்று அந்தச் சத்தம் எழும்பும்போது, எதிர்க் கட்சித் தலைவியே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார். ஆனால் மகனை உடனே தெருவுக்கு அனுப்பிவிடாதீர்கள். பழைய புல்லட்டில் கியர் வலக் காலில், பிரேக் இடக் காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். அவசரத்தில் கால் பழக்கப்பட்ட பக்கம்தான் போகும். காலி மைதானத்தில் நாலு நாள் பழகட்டும். தலையில் ஹெல்மெட் இருக்கட்டும்.

இப்போது தீர்ப்பைச் சொல்லுங்கள். எஞ்சின் அசைகிறது, நம்பர் ஒத்துப்போகிறது, காகிதம் நேராகும், முதல் இரண்டு பத்திச் செலவு மாத வரவு செலவுக்கு இடைஞ்சல் இல்லை: இந்த நாலும் சரியென்றால் வண்டியைக் காப்பாற்றுங்கள். நாலில் இரண்டு தவறினால், ஆசையோடு ஏங்கும் வேறொருவருக்கு முழு வண்டியாகக் கொடுத்துவிடுங்கள். எடை போட மட்டும் வேண்டாம். நமக்கு ஆகாத அந்த எஞ்சினின் ஒரு நட்டு, இன்னொரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூங்கும் வண்டியை எழுப்பக்கூடும்.

புதுப்பேட்டைக்குப் புறப்படுவதானால் காலையிலேயே புறப்படுங்கள். வெளிர் நிறப் புடவை வேண்டாம். பழைய பாகத்தைப் பையில் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்!