ஹவுள் நீரும் ஒரு கிலோ வெள்ளைப் பொடியும்

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுளில் நீங்கள் நாள்தோறும் கையை விடுகின்றீர்கள். என்றேனும் அதன் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்ததுண்டா? பதினெட்டு ஆண்டுகள் அதே ஹவுளில் ஒளுச் செய்தும், அதன் கரையிலேயே சிறுவர்களுக்கு ஒளுவின் முறையைக் கற்பித்தும் வந்த நான், சென்ற ஆண்டு வரை தடவிப் பார்த்ததில்லை. அதனால் நேர்ந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவனின் தாயார் ஒரு நாள் அஸருக்குப் பின் வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், பையனுக்குக் கண் சிவந்து சிவந்து போகிறது. ஹவுள் தண்ணீர் சரியில்லையோ என்று ஒரு சந்தேகம்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபிக்ஹுச் சட்டம் சொன்னேன். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து, அதாவது ஏறக்குறைய 200 லிட்டர் நீர் இருந்தால், நிறமோ சுவையோ வாடையோ மாறாத வரை அது அசுத்தமாகாது. எங்கள் ஹவுளோ 20 அடி நீளம், 12 அடி அகலம், 3 அடி ஆழம். ஏறக்குறைய 20,000 லிட்டர் கொள்ளும். இரண்டு குல்லத்தைப் போல நூறு மடங்கு! ஹனஃபி மத்ஹபின் பத்துக்குப் பத்து முழக் கணக்கிலும் அது தேறிவிடும். இவ்வளவையும் அடுக்கி, "வீண் சந்தேகம் வேண்டாம் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டது ஒளு கூடுமா என்பதையன்று. பிள்ளையின் கண்ணைப் பற்றி.

அன்றிரவு மனம் ஒரு நிலையில் இல்லை. மறுநாள் லுஹருக்கு முன் யாருமில்லாத வேளையில் ஹவுளின் உட்சுவரைத் தடவினேன். வெண்டைக்காயை நறுக்கிய கை போல விரல் வழுவழுத்தது. நீர்மட்டத்தை ஒட்டி நான்கு புறமும் கறுத்த எண்ணெய்க் கோடு ஒன்று ஓடியது. அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? நம் பிள்ளைகளின் தலையிலிருந்துதான். தாய்மார்கள் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலை வாரி அனுப்புகிறார்கள். மஸ்ஹுச் செய்யும்போது அந்த எண்ணெய் கையில் ஒட்டுகிறது. காலைக் கழுவ அதே கையை மீண்டும் நீரில் விடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, எத்தனை கைகள்!

என் பிழைகளில் இரண்டாவது இனித்தான் வருகிறது. மோதினாரை அழைத்து, "பிளீச்சிங் பவுடர் போடுங்கள் பாய்" என்றேன். எவ்வளவு, எப்படி என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இஷாவுக்குப் பின் ஒரு கிலோப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே கொட்டிவிட்டார். ஸுப்ஹுக்கு வந்தவர்கள் கண்டது, ஹவுளில் விளையாடிக்கொண்டிருந்த மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிறு தெரிய மிதந்த காட்சியை. அடியில் சுண்ணாம்பு படிந்து நீர் மோர் போலக் கலங்கியிருந்தது. ஒளுச் செய்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே தொழுதார்கள். அந்தச் சிறுவனும் அவர்களில் ஒருவன்.

பழியை மோதினார் மீது போட முத்தவல்லி முற்பட்டார். சொன்னவன் நான் என்று ஜமாஅத்தார் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த வாரம் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான் என் லாத்தாவின் மகன். அங்கே ஒரு ஓட்டலில் நீச்சல் குளத்தையும், 'ஜகூஸி' எனப்படும் வெந்நீர்த் தொட்டியையும் பராமரிக்கும் வேலை அவனுக்கு. ஏழெட்டுப் பேர் அமரும் தொட்டி. 40 டிகிரிச் சூட்டில் நீர் கொப்பளித்துக்கொண்டே இருக்குமாம். இதையெல்லாம் ஆடம்பரம் என்று ஒதுக்கியே வந்திருக்கிறேன். இப்போது அவனிடம் பாடம் கேட்க உட்கார்ந்தேன். வரலாற்றில் பட்டம் பெற்றவன் நான். வேதியியல் எனக்குத் தூரம். ஆனால் அவன் சொன்னது சமையலறைப் பேச்சைப் போலத் தெளிவாயிருந்தது.

"மாமா, குளோரின் முதலில் கிருமியைத் தேடிப் போகாது. எண்ணெய், வியர்வை, சோப்பு எது எதிர்ப்பட்டாலும் அதனோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும். மிச்சமிருப்பதுதான் கிருமியைக் கொல்லும். அதனால்தான் எங்கள் ஓட்டலில் குளித்துவிட்டு வந்தால்தான் தொட்டியில் இறங்கவிடுவோம்" என்றான். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி சுத்தத்தின் அடையாளமன்று என்றும் சொன்னான். வியர்வையோடும் அழுக்கோடும் குளோரின் கலந்து பிறக்கும் வேறொரு பொருளின் வாடையாம் அது. கண்ணை எரிப்பதில் அதற்கும் பங்குண்டு. சுவரின் வழுவழுப்போ கிருமிகள் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட கூடு. அதற்குள் மருந்து எளிதில் நுழையாது. நீரை இறைத்துவிட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

குளித்துவிட்டு இறங்குவது என்று அவன் சொன்னதும் எனக்கு நினைவு எங்கோ போயிற்று. உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்து நீரில் விட வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு மனனம் செய்விப்பவன் அல்லவா நான்!

இன்னொன்றும் சொன்னான், அதைக் கேட்டு உறக்கம் போயிற்று. ஒளுவில் நாம் மூக்கினுள் நீர் செலுத்துகிறோம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும் ஒருவகை அமீபா, அந்த நீரைக் குடித்தால் தீங்கு செய்யாது. மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். பிழைப்பவர் மிகச் சிலர். 2024இல் நம் அண்டையிலுள்ள கேரளத்தில் அந்நோய் கண்டது பலருக்கும் நினைவிருக்கும். கராச்சியில் 2008, 2009 ஆண்டுகளில் நோயுற்ற 13 பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் நீச்சலுக்கே போனவர்களல்லர் என்றும், ஒளுவின்போது மூக்கில் ஏறிய நீரே காரணமாயிருக்கலாம் என்றும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உரிய அளவு குளோரின் இருந்தால் அது பிழைக்காது என்பது ஓர் ஆறுதல்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஹவுளை இறைத்தோம். நானும் கைலியை மடித்துக்கட்டி இறங்கினேன். தேங்காய்நாரால் தேய்க்கத் தேய்க்கச் சேறு போலக் கழன்றது. இப்போது பாதிக்குத்தான் நிரப்புகிறோம், 10,000 லிட்டர். வியாழன்தோறும் அது தென்னைகளுக்குப் பாய்ந்துவிடும். சுவரைத் தேய்த்துப் புதுநீர் விடுகிறோம். நாள்தோறும் இஷாவுக்குப் பின், 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் 25 கிராம் பொடி. முதலில் கொட்டியது 20,000 லிட்டருக்கு வேண்டிய 50 கிராமைப் போல இருபது மடங்கு என்பதை நீங்களே கணக்கிட்டிருப்பீர்கள். பொடியைச் சிறிது நீரில் குழைத்து, வாளி நீரில் கலக்கி, தெளிந்த பின் மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிட வேண்டும். வெயிலில் குளோரின் சிதைந்துவிடுவதால்தான் இரவு வேளை. பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் வீரியம் போய்விடும். கால் கழுவ வெளியே நான்கு குழாய்கள் போட்டாயிற்று. தலைக்கு எண்ணெய் மட்டும்... தாய்மார்களே, மதரஸாவுக்கு அனுப்பும் வேளையில் சற்றுக் குறைத்துத் தடவுங்களேன்!

அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போனேன். "நீங்கள் கேட்டது நியாயம். நான்தான் காதில் வாங்கவில்லை" என்றேன். அந்த அம்மா தேநீர் கொடுத்தார். "கண் இப்போது தேவலை ஹஜ்ரத்" என்றார். அவ்வளவுதான். ஸுப்ஹுக்கு முன் கண்ணாடிக் குழாயில் ஹவுள் நீரை எடுத்து இரு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பை இப்போது அவன்தான் ஏற்றிருக்கிறான். நிறம் வெளுத்திருந்தால் மோதினாரை அவன் படுத்தும் பாடு சொல்லி மாளாது.

மீன்களை மட்டும் மீண்டும் விட முடியவில்லை. குளோரின் நீரில் அவை வாழா. முதியவர்கள் சிலருக்கு அதில் வருத்தம்தான். கரையில் உட்கார்ந்து பழக்கத்தில் நீரை உற்றுப் பார்க்கிறார்கள். நானும்தான்.