சத்தமில்லாத சண்டை

பேரப்பிள்ளைகள் வந்து தங்கியிருக்கும் வீட்டில் பெரியவர்களின் ஆட்சி செல்லாது. இவ்வுண்மையை நாம் சென்ற ஆவணியில் நேரே கண்டு தெளிந்தோம். கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வந்த மூவரும் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தவை பலூன்கள். திருவிழாவில் விற்கும் பெரிய பலூன்கள் அல்ல. தண்ணீர் நிரப்பி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவதற்கென்றே செய்த சிறியவை.

அவற்றுள் ஒன்றை இளையவன் வாயால் ஊதினான். அது படீரென வெடித்தது. அடுக்களையில் நின்ற எம் இல்லாள் அகப்பையைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒண்டி நிலத்தில் அமர்ந்துவிட்டார். பிள்ளைகள் சிரித்தனர். அவர்கள்மேல் குற்றமில்லை. யுத்தம் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. மூவரும் அதன்பின் பிறந்தவர்கள். எம் இல்லாளின் செவிகளுக்கோ அது இன்னும் முழுதாக முடியவில்லை.

"இந்த வளவுக்குள்ளை பலூனும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்" என்று தீர்ப்பு வந்தது. இளையவன் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான்.

நாம் முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தோம். ஆதலால் இரு தரப்புக்கும் நடுவே சமாதானம் பேச முற்பட்டோம். ஊதிய பலூனில் காற்று அமுங்கி நிற்கிறது. இறப்பர் கிழிந்ததும் அக்காற்று ஒரே பாய்ச்சலில் விரிவதனாலேயே வெடியோசை பிறக்கிறது. தண்ணீரோ அப்படி அமுங்குவதில்லை. எனவே தண்ணீர்ப் பலூன் உடைந்தால் 'சளக்' என்று மட்டுமே கேட்கும். வாயால் சொன்னால் யார் நம்புவார்? கிணற்றடிக்கு அழைத்துச் சென்று சீமெந்துத் தரையில் ஒன்றைப் போட்டுக் காட்டினோம்.

"இவ்வளவுதானோ?" என்றார் இல்லாள். ஆயினும் அடுத்த கேள்வி உடனே வந்தது: "எத்தினை வாளி தண்ணி போகும்?"

நியாயமான கேள்வி. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு இது. மாரி மழை சுண்ணக்கல்லில் ஊறி நிற்பதே நமது கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். ஆகவே நிபந்தனைகள் விதித்தோம். மூவருக்கும் சேர்த்துப் பத்து லீற்றர் தண்ணீர் மாத்திரம். சண்டை வாழைகளுக்கு அருகே நடக்க வேண்டும். சிந்தும் நீர் வீண்போகாது. முகத்துக்கு எறியலாகாது, கண் பொல்லாதது.

மூத்தவன் தேங்காயளவு பலூனே வெல்லும் என்று நம்பினான். நாம் கணக்குச் சொன்னோம்: எட்டுச் சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள பலூன் ஏறக்குறையக் கால் லீற்றர் கொள்ளும், குறுக்களவை இரட்டித்தால் இரண்டு லீற்றர், அதாவது இரண்டு கிலோ. பத்து லீற்றரில் சிறியவை நாற்பது கிடைக்கும், பெரியவை ஐந்துதான். அவன் கேட்கவில்லை. அவனது முதலாவது பெரும் பலூன் கையிலேயே கிழிந்து, அவனையே நனைத்தது. தளதளவென்று அரைகுறையாக நிரப்பியவையோ உடம்பில் பட்டுத் துள்ளி, உடையாமல் உருண்டன. தோடம்பழ அளவில், விறைப்பாக, உள்ளே காற்றில்லாமல் கட்டியவையே பயன்பட்டன.

பேத்தி கெட்டிக்காரி. ஆளைக் குறிவைக்காமல் ஆளின் காலடியிலுள்ள சீமெந்தைக் குறிவைத்தாள். தவறாமல் உடைந்தன, அண்ணன் இடுப்பளவு நனைந்தான், ஒருவருக்கும் நோகவில்லை. தன்னை நோக்கி வந்தவற்றைக் கையைப் பின்னே இழுத்தபடி ஏந்தி, திருப்பியும் எறிந்தாள்.

இவ்வளவு நேரமும் இல்லாள் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் பக்கம் ஒருவரும் எறியவில்லை. இறுதியில் இளையவன் கடைசிப் பலூனோடு அவரிடம் சென்றான்.

"அப்பம்மா, இது உங்களுக்கு. எறியவோ, தரவோ?"

சிறிது யோசித்தார். "தா" என்று கையை நீட்டி வாங்கினார். பிறகு எம்மைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ" என்றார்.

காலடியைக் குறிவைக்கும் விதி அவருக்குத் தெரியாது போலும். எமது நெஞ்சில் வந்து 'சளக்' என்றது. அவர் சிரித்த சிரிப்பு அயல்வீட்டு வேலியைத் தாண்டியிருக்கும்.

பொழுதுபடுமுன் எல்லோரும் குனிந்து இறப்பர்த் துண்டுகளைப் பொறுக்கினோம். கோழி கொத்தினாலும் ஆபத்து. தவழும் குழந்தை வாயில் வைத்தாலும் மூச்சடைக்கும்.

மறுநாட் காலை வாழையடியில் உடையாத பலூன் ஒன்றை இல்லாள் கண்டெடுத்தார். எம்மைக் கூப்பிடவில்லை. தாமே அதனைத் தரையில் போட்டு உடைத்தார். அருகில் நின்ற நாம் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் திடுக்கிடவில்லை.